கதை சொல்லி எழுத்தாளரானவர்: வை.மு. கோதைநாயகி அம்மாள்

மலாக்கா மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் 1896-ஆம் ஆண்டு வணிக நோக்கில் ரப்பர் பயிரிடப்பட்டது. மலாயாவில் அதுவே முன்னோடி முயற்சி. அதன்பின் ஆசகான் பக்கத்துக் காடுகளும் ரப்பர்த் தோட்டங்களாயின. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலும் குடியேறினார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, பால்மரம் வெட்டி, பிற்பகலில் லயத்து வீட்டுக்குத் திரும்புவது அவர்களுடைய அன்றாட வாழ்க்கை. அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெண்களின் நிலை இன்னும் மோசம்.

ஆனால் எழுத்து தெரியாதவர்களுக்குக் கதை வேண்டாம் என்று பொருளில்லை. தோட்டத்தில் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். தமிழகத்திலிருந்து வந்த கதைப் புத்தகங்களும் மாத இதழ்களும் இப்படித்தான் ஒரு கையிலிருந்து மறு கைக்கும், ஒரு வாயிலிருந்து பல காதுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. கொலைகாரன் யார், காணாமற்போன நகை எங்கே, முகமூடி அணிந்தவன் எவன் என்று ஆவலைத் தூண்டும் கதைகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. பாதியில் நிறுத்தினால் கேட்பவர்கள் விடமாட்டார்கள்.

இத்தகைய மர்மக் கதைகளைப் பற்றி மக்களிடம் இரண்டு விதமான கருத்துகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அவை நேரத்தை வீணாக்கும், இளம் மனங்களில் அச்சத்தையும் தவறான ஆசைகளையும் விதைக்கும் என்பார்கள் ஒரு சாரார். அவையே வாசிக்கும் ஆசையைத் தூண்டும், ஒருமுறை அந்த ஆசை வந்துவிட்டால் நல்ல நூல்களைத் தேடிப் போகலாம் என்பார்கள் மறு சாரார். இந்த இரண்டு கருத்துகளுக்கும் நடுவில் நின்று முப்பத்தைந்து ஆண்டுகள் எழுதிய ஒரு பெண்மணி சென்னையில் வாழ்ந்தார். பள்ளிக்கூடத்துக்கே போகாதவர் அவர். அவர்தான் வை.மு. கோதைநாயகி அம்மாள்.

கோதைநாயகி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி பிறந்தார். அவருடைய முன்னோர் செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள நீர்வளூரைச் சேர்ந்தவர்கள். ஒரு வயது நிரம்பிய காலத்திலேயே தாயை இழந்தார். உறவினர்கள் அவரை வளர்த்தார்கள். அக்காலத்து வழக்கப்படி, ஐந்தரை வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகன் வை.மு. பார்த்தசாரதியும் சிறுவர்தான். விளையாட வேண்டிய வயதில் மாலை மாற்றிக்கொண்ட அந்தச் சிறுமிக்குப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று பலரும் கருதிய காலம் அது.

ஆனால் அவர் புகுந்த வீடு திருவல்லிக்கேணியில் இருந்தது. அது கல்வி மணம் வீசிய குடும்பம். பாசுரங்களையும் புராணக் கதைகளையும் அவர் கேள்வி வழியாகவே கற்றார். ஒருமுறை கேட்டது மனத்தில் தங்கிவிடும். இனிமையாகப் பாடும் குரலும் இயல்பாகவே அமைந்திருந்தது. கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் செல்வார். பார்த்த காட்சிகளையும் கேட்ட கதைகளையும் கோதைநாயகி தம்முடைய கற்பனையில் புதிதாக மாற்றி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுவார். கதை கேட்கப் பிள்ளைகள் கூடுவார்கள். எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர் தவிப்பார், எந்த இடத்தில் சிரிப்பார் என்பதை அவர் கற்ற பள்ளி அதுதான்.

சொல்லிக்கொண்டே இருந்தவருக்கு ஒருநாள் எழுத வேண்டும் என்ற ஆசை பிறந்தது. ஆனால் எழுதத் தெரியாது. அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. பட்டம்மாள் என்ற தோழி அவருக்குத் துணையாக வந்தார். கோதைநாயகி சொல்லச் சொல்லப் பட்டம்மாள் எழுதினார். இவ்வாறு உருவான 'இந்திர மோகனா' என்ற நாடகம் 1924-ஆம் ஆண்டு அச்சில் வெளிவந்தது. நாடகத் துறையில் பெரும்புகழ் பெற்றிருந்த பம்மல் சம்பந்த முதலியாரும் அதனைப் பாராட்டினார். ஒரு வரிகூடத் தம் கையால் எழுதாமல் நூலாசிரியர் ஆகிவிட்டார் கோதைநாயகி. பாராட்டு வந்த பின்பும் அவர் அந்த நிலையிலேயே இருந்துவிட விரும்பவில்லை. தோழியிடமே தமிழ் எழுத்துகளை முறையாக எழுதக் கற்றுக்கொண்டார். இருபது வயதைக் கடந்த ஒரு குடும்பப் பெண், குழந்தையைப் போல எழுத்துக் கூட்டி எழுதிப் பழகினார்.

எழுதக் கற்றவுடன் அவர் தேர்ந்தெடுத்த வகை துப்பறியும் நாவல். அதற்குக் காரணம் உண்டு. தமிழில் அப்போது அத்தகைய நாவல்களுக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. பண்டித நடேச சாஸ்திரி 1894-ஆம் ஆண்டு வெளியிட்ட 'தானவன்' என்ற நூல் தமிழில் துப்பறியும் கதைக்கு வழி திறந்தது. பின்னர் ஜே.ஆர். ரங்கராஜு, துப்பறியும் கோவிந்தன் என்ற பாத்திரத்தைப் படைத்துப் புகழ் பெற்றார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில மர்ம நாவல்களைத் தழுவித் தமிழில் ஏராளமாக எழுதினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரோ திகம்பர சாமியார் என்ற துப்பறிவாளரை உலவவிட்டு வாசகர்களை மயக்கினார். மாறுவேடம், இரகசிய அறை, ஆள் கடத்தல், எதிர்பாராத திருப்பம் ஆகியவை இந்நாவல்களின் வழக்கமான பொருள்கள்.

வாசகர்கள் இவற்றை விழுங்கினார்கள் என்றே சொல்லலாம். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் இவற்றை வெறுத்தார்கள். நாவல் படிக்கும் பெண் சமையலை மறப்பாள், கணவனை மதிக்கமாட்டாள் என்ற பேச்சு பரவலாக இருந்தது. ஆண்கள் படிப்பதையே குறை சொன்னவர்கள், ஒரு பெண் அத்தகைய நாவலை எழுதினால் எப்படிப் பொறுத்துக்கொள்வார்கள்?

கோதைநாயகியின் முதல் நாவலான 'வைதேகி' துப்பறியும் வகையைச் சேர்ந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்கார் அதனைப் பார்வையிட்டு, தாம் நடத்திய 'மனோரஞ்சனி' இதழில் வெளியிட உதவினார். வாசகர்களிடம் தனியாகச் சென்றடைய ஓர் இதழ் வேண்டும் என்று கோதைநாயகி எண்ணினார். அப்போது 'ஜகன்மோகினி' என்ற பெயரில் ஓர் இதழ் நடந்து, ஆதரவின்றி நின்றுபோயிருந்தது. 1925-ஆம் ஆண்டு அவர் அதனை விலைக்கு வாங்கித் தாமே ஆசிரியராகப் பொறுப்பேற்றார். 'வைதேகி' அதில் தொடர்ந்து வெளிவந்தது. தமிழில் துப்பறியும் நாவல் எழுதிய முதல் பெண் என்று இலக்கிய வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. குடும்பப் பெண் இதழாசிரியர் ஆவதா என்று உறவினர் சிலரும் ஊரார் பலரும் முகம் சுளித்தார்கள். தெருவில் நடந்தால் ஏளனப் பேச்சு கேட்டது. வேறொருவர் எழுதித் தர, இவர் பெயரைப் போட்டுக்கொள்கிறார் என்றும் சிலர் ஐயுற்றார்கள். அவற்றுக்கெல்லாம் கோதைநாயகி சண்டையிட்டுப் பதில் சொல்லவில்லை. அடுத்த மாத இதழை உரிய நேரத்தில் கொண்டுவருவதே அவர் தந்த பதில். கணவர் பார்த்தசாரதி அவருக்கு உறுதுணையாக நின்றார். ஊர் பேசுவதைக் கேட்டு மனைவியைத் தடுக்காத அந்தத் துணை இல்லாவிட்டால், இதழ் சில மாதங்களிலேயே நின்றிருக்கக்கூடும்.

எதிர்ப்பு ஒரு பக்கம் இருக்க, வாசகர் கூட்டமும் வளர்ந்தது. அவர்களுள் பெண்கள் மிகுதி. அவர்களிலும் பலர் கோதைநாயகியைப் போலவே பள்ளிக்குப் போகாதவர்கள். ஒருவர் உரக்க வாசிக்க, வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். தொடர்கதையின் அடுத்த பகுதியைப் பிறர் வந்து வாசித்துக் காட்டும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், தாமே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பெண்கள் உண்டு. அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வி அவர்களைப் படிக்கச் செய்தது. அறிவுரை சொல்லி வாங்க முடியாத உழைப்பை, ஆவல் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது.

1925-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்த காந்தியடிகளை அவர் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றியது. பட்டுப் புடவையையும் ஆடம்பர நகைகளையும் விலக்கிக் கதர் உடுத்தத் தொடங்கினார். மேடைகளில் பாடினார், பேசினார். அந்நியத் துணிக் கடைகளின் முன்பு நடந்த மறியலில் கலந்துகொண்டார். 1932-ஆம் ஆண்டு அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். வீட்டில் அமர்ந்து குற்றங்களையும் தண்டனைகளையும் கற்பனையில் கண்டு எழுதியவர், இப்போது உண்மைச் சிறையின் சுவர்களுக்குள் இருந்தார். அங்கும் அவருடைய எழுதுகோல் ஓயவில்லை. அவர் இல்லாத நாள்களில் கணவர் இதழைக் கவனித்துக்கொண்டார்.

இந்த அனுபவங்கள் அவருடைய நாவல்களிலும் இடம்பிடித்தன. ஆவலைத் தூண்டும் கதைப்பின்னலை அவர் கைவிடவில்லை. ஆனால் அந்தப் பின்னலுக்குள் வேறு கேள்விகளை வைத்தார். இளம் வயதில் கணவனை இழந்த பெண் ஏன் ஒடுக்கப்படுகிறாள்? வரதட்சணையால் ஒரு குடும்பம் எப்படி அழிகிறது? குடிப்பழக்கம் யாருடைய வாழ்க்கையைக் கெடுக்கிறது? குற்றவாளி யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கிய வாசகர், சில நேரங்களில் ஒரு தனி மனிதனைக் காணாமல், சமுதாயத்தின் ஒரு பழக்கத்தையே குற்றவாளியாகக் காண நேர்ந்தது. மர்மக் கதையைக் குறை சொன்னவர்களுக்கும் அதனை விரும்பியவர்களுக்கும் அவர் தந்த நேர்மையான பதிலாக இதனைக் கருதலாம்.

அவருடைய நாவல்களைப் பற்றி மாற்றுக் கருத்தும் இருந்தது. 1933-ஆம் ஆண்டு தோன்றிய 'மணிக்கொடி' இதழைச் சார்ந்த எழுத்தாளர்கள், பொழுதுபோக்கு நாவல்களை உயர்ந்த இலக்கியமாக ஏற்கவில்லை. சொல்லாட்சியிலும் பாத்திரப் படைப்பிலும் ஆழம் வேண்டும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. மாதந்தோறும் விரைந்து எழுதும்போது நடை தளர்வதும், ஒரே வகைத் திருப்பங்கள் மீண்டும் வருவதும் இயல்பு. அவருடைய நாவல்கள் அனைத்தும் ஒரே தரமானவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும், மணிக்கொடி எழுத்தாளர்களின் நூல்களைப் படிக்கப் போதிய எழுத்தறிவு பெற்ற வாசகர்கள் தமிழகத்தில் பெருகியதற்கு, அவர்கள் குறை கூறிய இந்த நாவல்களும் ஒரு காரணம். இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்ப்பவரே அவரைச் சரியாக மதிப்பிட முடியும்.

இரண்டாம் உலகப் போர் எல்லாரையும் பாதித்தது. இந்தியாவில் காகிதத் தட்டுப்பாடு இதழ்களை வாட்டியது. மலாயாவிலோ நிலைமை இன்னும் கடுமை. 1942 தொடக்கத்தில் மலாக்கா ஜப்பானியர் வசமானது. கப்பல் போக்குவரத்து தடைப்பட்டதால் தமிழகத்திலிருந்து வந்துகொண்டிருந்த இதழ்களும் நூல்களும் வரவில்லை. தோட்ட மக்களுக்கு அரிசியே அரிதாகிவிட்ட மூன்றரை ஆண்டுகளில் கதைப் புத்தகத்தைப் பற்றி யார் நினைப்பார்கள்? போர் முடிந்து கப்பல்கள் மீண்டும் வரத் தொடங்கிய பின்னரே புதிய தமிழ் நூல்கள் மலாயாவின் பட்டணத்துக் கடைகளில் மறுபடியும் இடம்பெற்றன.

கோதைநாயகியின் கதைகள் வெள்ளித்திரைக்கும் சென்றன. 1930-களிலேயே 'ராஜ்மோகன்', 'அநாதைப் பெண்' ஆகிய படங்கள் அவருடைய கதைகளைத் தழுவி வெளிவந்தன. காந்தியடிகள் மறைந்த பின்னர் அவர் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவும் ஒரு சேவைச் சங்கத்தைத் தொடங்கி நடத்தினார். இசையிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. இளம் வயதிலிருந்த டி.கே. பட்டம்மாளின் இசைத் திறமையை அறிந்து, அவருக்கு ஊக்கம் தந்தவர்களில் கோதைநாயகியும் ஒருவர்.

1956-ஆம் ஆண்டு அவருடைய ஒரே மகன் சீனிவாசன் காலமானார். அந்த இழப்பு அவரை மிகவும் வாட்டியது. உடல்நலமும் குன்றியது. எத்தனையோ கதைகளில் துன்பத்துக்குத் தீர்வு கண்ட அவரால் தம் துன்பத்துக்குத் தீர்வு காண முடியவில்லை. 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி அவர் மறைந்தார். அதற்குள் 115 நாவல்களை எழுதியிருந்தார். பிறர் கைவிட்ட ஓர் இதழை எடுத்து ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தியிருந்தார். மறைவுக்குப் பின் 1966-ஆம் ஆண்டு, அவருடைய நாவலைத் தழுவி 'சித்தி' என்ற திரைப்படம் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. படம் பார்த்துக் கண் கலங்கியவர்களில் பலருக்கு, அந்தக் கதையை எழுதியவர் இளம் வயதில் எழுதத் தெரியாதவராக இருந்தார் என்பது தெரிந்திருக்காது.

மலாயாவின் தோட்டப் பெண்களும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் எழுத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று 1920-களில் தொழிலாளர் சட்டம் வலியுறுத்தியது. பல தோட்டங்களில் ஒரே அறையும் ஒரே ஆசிரியருமாகப் பள்ளிகள் தொடங்கின. பெண் பிள்ளைகள் பலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகவும், பெற்றோருடன் மரம் வெட்டப் போவதற்காகவும் பாதியிலேயே நின்றார்கள். அப்படி நின்றுபோனவர்களுக்குப் பாடநூல் கைவிட்டுப் போனாலும் கதைப் புத்தகம் எப்போதாவது கைக்கு வந்தது. படித்த எழுத்து மறந்துபோகாமல் காத்தவற்றுள் அந்தப் புத்தகங்களும் உண்டு.

அந்த லயத்து வீடுகள் பல இன்று இல்லை. ரப்பர் நின்ற நிலங்கள் சில செம்பனைத் தோட்டங்களாகவும், சில வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மலாக்கா, ஜாசின், அலோர் காஜா பட்டணங்களின் இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் பயில்கிறார்கள். மர்மக் கதைகளைப் பற்றிய கருத்து வேறுபாடு மட்டும் மாறவில்லை. திகில் நாவலைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் இன்றும் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையில் நியாயமில்லாமல் இல்லை. கொடுமையைக் காட்டி மகிழ்விக்கும் நூலும், கொடுமையைக் காட்டி அதன் காரணத்தைச் சிந்திக்க வைக்கும் நூலும் ஒன்றல்ல. முதலாவதை மட்டுமே தொடர்ந்து படிப்பவர் கதையின் பரபரப்பைத் தவிர வேறொன்றையும் பெறமாட்டார்.

கோதைநாயகி அம்மாள் ஆவலைப் பகையாகக் கருதவில்லை. பிள்ளைகளுக்குக் கதை சொன்ன நாளில் அவர் கண்ட ஆவலை, பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்களின் கையில் ஓர் இதழைக் கொண்டு சேர்க்கும் விசையாக மாற்றிக்கொண்டார். அந்த ஆவல் எழுத்துத் தெரியாதவர்களை வாசகர்களாக்கியது. அவரை எழுத்தாளராக்கியதும் அதே ஆவல்தான்.